இருபத்தேழாம் நம்பர் கால்

“அடுத்தவன் காலைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்ட நான் என்ன நொண்டியா?” என்று கேட்டார் கொம்பையா.

கேட்டது பயிற்சிக்கார ரெக்ஸ்லினிடம். கேட்ட இடம் தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு காலத்தில் லாரிப் பேட்டையாகக் கிடந்து இப்போது ஓட்டுநர் தேர்வுத் திடலாகிவிட்ட பொட்டல். ரெக்ஸ்லினுக்கு நாற்பது வயதிருக்கும். சீருடைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். மூட்டுவலிக்காரர்கள் போடுகிற உறை மாதிரி கறுப்பாக ஒரு பட்டை அவள் கையில் தொங்கியது. கூடவே மணிக்கட்டுக்குச் சின்னதாக இன்னொன்று.

“கால் இல்ல அண்ணாச்சி. காலோட பழக்கம். அவ்வளவுதான்.”

“பழக்கம்னா பீடி குடிக்கதும் பழக்கந்தான். அதையும் சேத்துக் கட்டுவியளோ?”

பின்னால் நின்ற செல்லக்கனி களுக்கென்று சிரித்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். வெயிலில் கறுத்த முகம், உப்பில் வெளுத்த பாதம். ஸ்டியரிங்கை அதுவரை தொட்டதில்லை. “கிழவர் பெயிலாப் போயிட்டா தண்ணிக்கு எங்க போறது? மாத்துக்கு ஒரு ஆள் வேணும்” என்று உப்பளத்துப் பெண்கள் எல்லாம் சேர்ந்து இவளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள். அதைக் கொம்பையாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியும்விட்டார்கள்.

விஷயம் இதுதான். ஊரில் முக்கால்வாசி வண்டி தானோட்டி. ஏறி உட்கார்ந்து இடத்தைச் சொன்னால் அதுவே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் உப்பளத்து வரப்புப் பாதையில் மட்டும் அதன் பாச்சா பலிக்காது. வெயிலில் உப்பு வெள்ளைவெளேரென்று மின்னும்போது பாதை எது, பாத்தி எது என்று அதற்குத் தெரிவதில்லை. போன வருசம் ஒன்று வந்தது. முதல் வளைவிலேயே நின்றுகொண்டு, “பாதை இல்லை, பாதை இல்லை” என்று பொழுது சாய்கிறவரை பிலாக்கணம் வைத்தது. கடைசியில் அறுபது பெண்கள் சேர்ந்து தள்ளி வெளியே விட்டார்கள்.

அந்த அறுபது பேருக்கும் குடிதண்ணீர் கொண்டுபோவது கொம்பையாவின் குட்டியானை வண்டிதான். பின்னால் கறுப்புத் தொட்டி, முன்னால் அவர் ஒருத்தர் மட்டும். அவர் போகாவிட்டால் அந்தப் பெண்கள் இரண்டு மைல் குடம் சுமக்க வேண்டும். இப்போது புதுச்சட்டம் வந்திருந்தது. கையால் வண்டி ஓட்டுகிறவன் எவனாக இருந்தாலும், பழைய லைசென்ஸ் இருந்தாலும், பத்து நாள் பட்டை கட்டிப் பழகித் தேர்வில் தேறியே தீரவேண்டும். கொம்பையாவுக்கு வயது எழுபத்தொன்று. படித்தது மூன்றாம் வகுப்பு. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற எதையும் அவர் நம்பினவர் இல்லை.

“இது யாரு காலு?” என்று கேட்டார்.

“பேரு சொல்ல மாட்டாங்க. நம்பர்தான். இருபத்தேழு.” ரெக்ஸ்லின் பட்டையைத் திருப்பி, உள்பக்கம் அச்சடித்திருந்த எண்ணைக் காட்டினாள். “முன்னாடி வண்டிகள்ல பெடலுக்கு அடியில பெட்டி வச்சுப் பல டிரைவர்மார் பழக்கத்தைப் பதிஞ்சிருக்காங்க. எப்ப காலை எடுத்தாங்க, எப்ப பிரேக்ல வச்சாங்க, எப்ப ஹாரன் அடிச்சாங்க, எல்லாம். அதுல பத்து வருசம் ஒரு விபத்துகூட இல்லாதது இது ஒண்ணுதான். இன்னைக்கு நாட்டுல கையோட்டி படிக்கிற எல்லாருக்கும் இதுதான் வாத்தியார். பத்து நாள் கட்டிப் பழகினா ஒங்க காலுக்கே அந்தப் புத்தி வந்துரும். அப்புறம் கழட்டிரலாம்.”

“விபத்தே இல்லாத டிரைவர் எவனும் கெடையாது தாயி. விபத்து வெளிய வராத டிரைவர்தான் உண்டு.”

“கட்டுங்க அண்ணாச்சி. பொறவு பேசலாம்.”

கட்டினார். வேறு வழி?

செல்லக்கனிதான் முதலில் ஓட்டினாள். ஓட்டினாள் என்று சொல்வதைவிட, அவளுக்கும் அவள் காலுக்கும் சண்டை நடந்தது என்று சொல்லலாம். அவள் அழுத்தப்போனால் பட்டை இழுக்கும். அவள் இழுத்தால் அது அழுத்தும். “சனியன் பிடிச்ச காலு, எவன் வீட்டுக் காலோ, நான் சொன்னா கேக்க மாட்டேங்குது!” என்று கத்திக்கொண்டே திடலை மூன்று சுற்றுச் சுற்றினாள். ஆனால் வளைவு வருமுன் வேகம் தானாகக் குறைந்தது. முன்னால் போகிற வண்டிக்கும் இவளுக்கும் மூன்று வண்டி இடைவெளி எப்போதும் இருந்தது. இறங்கும்போது வேர்த்து ஊற்றியது.

அடுத்து கொம்பையா.

“ரைட்டு, எடுங்க” என்றாள் ரெக்ஸ்லின்.

வண்டி நகரவில்லை.

“ரைட்டு அண்ணாச்சி.”

“‘எடு’ன்னு சொல்லு. அந்தச் சொல்லு வேண்டாம்.”

ரெக்ஸ்லின் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “சரி, எடுங்க.”

எடுத்தார். வண்டி நெய்யில் வழுக்கினாற்போலப் போனது. எட்டுப் போட்டார். “வானத்துல பறந்தாலும் இந்த ஆபீசுக்காரன் எட்டுப் போடச் சொல்லுவான்” என்று முனகிக்கொண்டே போட்டார். பின்னால் எடுக்கச் சொன்னபோது மட்டும் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினார்.

“அண்ணாச்சி எப்பவும் இப்படித்தான் வண்டிக்குப் பிரதட்சணம் வருவாரு” என்றாள் செல்லக்கனி. “கிளீனர் வச்சிக்கிடலாம்லா, கேட்டா எரிஞ்சு விழுவாரு.”

ரெக்ஸ்லின் அதைக் கவனிக்கவில்லை. கையிலிருந்த திரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பட்டை வேலை செய்யலன்னு நெனைக்கேன். ஒங்க காலு சண்டையே போடலியே. எப்பேர்ப்பட்ட டிரைவருக்கும் ரெண்டு நாளாவது முரண்டு பிடிக்கும்.”

வேறு பட்டை கட்டினாள். அதுவும் அப்படியே. கொம்பையாவின் காலும் பட்டையின் காலும் ஒரே உறையில் இரண்டு கத்திபோல இல்லாமல், ஒரே கத்தியாகவே இருந்தன.

நாலாம் நாள் திடலில் மூன்று இடத்தில் பிளாஸ்டிக் குடங்களை வைத்திருந்தார்கள். ஓரமாக, ஒன்றும் குறுக்கே இல்லை. செல்லக்கனி முதல் குடத்தை நெருங்கியதும் வண்டி தானாக நின்றது. பாம் பாம் என்று இரண்டு ஹாரன். அதற்கப்புறம் நகரவில்லை.

“நான் அடிக்கல! கட்டை விரல் தானா அமுக்கிச்சு!”

“தெரியும்” என்றாள் ரெக்ஸ்லின். “இருபத்தேழுகிட்ட இருக்க ஒரே கோளாறு இதான். ரோட்டோரம் பிளாஸ்டிக் குடம் இருந்தா நின்னுரும். ரெண்டு ஹாரன் அடிக்கும். யாரையோ எதிர்பார்த்த மாதிரி கொஞ்ச நேரம் நிக்கும். வாளிக்கு நிக்காது. பானைக்கு நிக்காது. குடத்துக்கு மட்டுந்தான்.”

“என்னத்துக்காம்?”

“பெரிய பெரிய ஆளுக எல்லாம் பாத்துட்டாங்க. தெரியல. அடுத்த மாசம் அதைத் தொடச்சிரப் போறாங்க. அதுவரைக்கும் நாமளா அடக்கிப் பழகணும். தேர்வுல ஒரு குடத்துக்கு நின்னா அஞ்சு மார்க் போயிரும். மூணு குடம் வைப்பாங்க. மூணுக்கும் நின்னா பெயில்தான்.” இருவரையும் பார்த்து விரலை ஆட்டினாள். “மெஷினு கணக்குல குடம் ஒரு பொருள். ஆள் இல்ல. பொருளுக்கு நிக்கக்கூடாது.”

கொம்பையா குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். ஏதோ தெரியாத ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி வெகுநேரம் பார்த்தார்.

முப்பது வருசத்துக்கு முன் தண்ணீர் லாரி முதலாளி பெடலுக்கு அடியில் ஒரு பெட்டியை வைத்தது அவருக்கு நினைவு வந்தது. டீசல் திருட்டைப் பிடிக்க என்றார்கள். கொம்பையா அப்போதே நம்பவில்லை. தினமும் வண்டி எடுக்குமுன் அதை ஒரு எத்து எத்திவிட்டுத்தான் ஏறுவார். நம்பாதது சரியாகத்தான் போயிற்று. ஆனால் அது திருடியது இதை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு தினமும் வந்தார், கட்டினார், ஓட்டினார், போனார். குடங்களின் பக்கம் வந்தபோதெல்லாம் காலை அடக்கப் பார்த்தார். எட்டாம் நாள் ஒரு குடத்தை நிற்காமல் தாண்டினார். செல்லக்கனி கைதட்டினாள். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேலியோரம் போய் வாந்தி எடுத்தார்.

“காலையில தின்ன வடை” என்றார்.

தேர்வு நாள் வந்தது. பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தேர்வு எடுப்பது மனுசர் இல்லை, வண்டிக்குள் பேசுகிற பெண்குரல். செல்லக்கனி முந்திக்கொண்டு போனாள். எட்டு, ஏற்றம், பின்னால் எடுத்தல் எல்லாம் நன்றாகச் செய்தாள். மூன்று குடத்துக்கும் நின்றாள். இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“என்னால முடியல அண்ணாச்சி. நீராவது பாஸாகிரும். நான் அங்க போயி என்ன மூஞ்சியோட நிப்பேன்?”

கொம்பையா ஏறினார்.

“உங்கள் பெயர்?” என்றது குரல்.

“எழுதியிருக்கும்லா, பாரு.”

“முன்பு விபத்து ஏதேனும் ஏற்படுத்தியதுண்டா?”

“இல்லை.” லைசென்ஸ் புதுப்பித்தபோதெல்லாம் சொன்ன பதில்தான். நாக்கு அதுவாகவே சொல்லிவிட்டது.

எட்டு முடிந்தது. ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தார், பின்னால் ஓர் அங்குலம் உருளவில்லை. முதல் குடம் வந்தது. சிவப்பு. அறுபது பெண்களை நினைத்தார். இரண்டு மைல் சுமையை நினைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார். “சரி” என்றது குரல்.

பத்தடி போயிருப்பார். வண்டியை நட்டநடு ரோட்டில் நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கித் திரும்பி நடந்தார்.

“தேர்வு முடியும்வரை வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது” என்றது குரல். “தேர்வு முடியும்வரை வாகனத்தை விட்டு—”

கொம்பையா சிவப்புக் குடத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். யாரும் இல்லை. எப்படி இருப்பார்கள்? இருந்தாலும் பார்த்தார்.

ரெக்ஸ்லின் ஓடிவந்தாள். “என்ன செய்யுதீங்க அண்ணாச்சி? இன்னும் ரெண்டுதான் இருக்கு! ஏறுங்க!”

“அந்த இருபத்தேழு நாந்தான்” என்றார் கொம்பையா.

“என்ன?”

“ஒன் வாத்தியாரு. அது என் காலு. அதான் சண்டை போடல. தன் காலோட எவன் சண்டை போடுவான்?”

பத்து நாளும் திரையில் பார்த்த கோடுகள் ரெக்ஸ்லினின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குடத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“அப்ப அந்தக் குடம்?”

கொம்பையா நின்றபடியே சொன்னார். உட்கார்ந்து சொல்கிற சமாச்சாரமாக அது அவருக்குப் படவில்லை.

“நான் அப்ப தண்ணி லாரி ஓட்டுனேன். வாரத்துக்கு ரெண்டு நாள்தான் ஒரு தெருவுக்குப் போவோம். காலையிலேயே குடத்தை வரிசையா வச்சிட்டு, அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிருவாங்க. குடம் இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். முந்திக்கிட்டா சண்டை வரும். அன்னைக்கு லாரியைப் பின்னால எடுத்தேன். கிளீனர் பின்னால நின்னு ‘ரைட்டு ரைட்டு, வரலாம்’ன்னான். ஒரு குடம் உருண்டு போயிருக்கு. அவன் கண்ணுக்குக் குடந்தான் தெரிஞ்சிருக்கு. நசுங்குனா நசுங்கட்டும்னு நெனச்சிருக்கான். அதை எடுக்கக் குனிஞ்ச பிள்ளை தெரியல. ஒம்போது வயசு. முத்தரசின்னு பேரு.”

ரெக்ஸ்லின் பக்கத்திலிருந்த குடத்தைப் பார்த்தாள்.

“போலீசு வந்திச்சு. தெருவே சேந்து, பிள்ளை தடுக்கி விழுந்துட்டு, டிரைவர் மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்க. எனக்காக இல்ல. கேசுன்னு வந்தா லாரி வராது. லாரி வரலன்னா தண்ணி கெடையாது. பெத்தவளும் கைநாட்டு வச்சா. பெட்டியெல்லாம் அதுக்கப்புறம் வந்தது. அதான் ஒன் நம்பரு சுத்தமா இருக்கு.”

காற்றில் குடம் லேசாக ஆடியது. அவர் அதைக் காலால் அணைத்துக்கொண்டார்.

“அடுத்த முறை அதே தெருவுக்குப் போறேன். குடமெல்லாம் வரிசையா இருக்கு. நடுவுல அந்தச் சிவப்புக் குடம், நெளிஞ்சபடியே. அந்தப் பிள்ளை எடம் அது. பின்னால உள்ளவங்க ஒருத்தரும் முந்தல. நானும் நின்னேன். என்ன செய்யன்னு தெரியல. ரெண்டு ஹாரன் அடிச்சேன். அவ அம்ம வந்து எடுத்துக்கிட்டுப் போனா. என்னைப் பாக்கல. அதுலேருந்து எங்க குடத்தைப் பாத்தாலும் நிப்பேன். யாராவது வந்து எடுக்கதுக்கு.”

ரெக்ஸ்லின் எழுந்து நின்று சொன்னாள்: “இதை ரிப்போர்ட்டுல எழுதுனா ஒங்களுக்கு வாழ்நாளுக்கும் லைசென்ஸ் கெடைக்காது அண்ணாச்சி. கேஸுகூட வரலாம். நான் ஒண்ணும் கேக்கலன்னு வச்சிக்கிடுதேன். ஏறி ஓட்டுங்க. ரெண்டு குடந்தான்.”

“தொடச்சிரப் போறோம்ன்னியே, அது?”

“அது அடுத்த மாசம் நடக்கும். அதை நான் என்ன செய்ய?”

“அப்ப எழுது. குடம் பொருள் இல்லன்னு எழுது. காரணம் என்னன்னும் எழுது. காரணம் இல்லாம எழுதுனா மெஷினு நம்பாது. நானும் நம்ப மாட்டேன்.”

“விபத்து உண்டுன்னு தெரிஞ்சா மொத்தமா இருபத்தேழையே தூக்கிருவாங்களோ என்னமோ. இவ்வளவு பேர் பத்திரமா ஓட்டுதாங்களே, அது ஒங்க காலு சுத்தமா இருக்கிறதாலதான்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க.”

“அந்தப் பிள்ளை போறதுக்கு முந்திதான் அது சுத்தமா இருந்திச்சு. அப்ப அது பத்திரமா ஓடல தாயி” என்றார் கொம்பையா.

வண்டிக்குள் குரல் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

ஒரு மாதம் ஆயிற்று. கொம்பையாவைக் காவல் நிலையத்தில் ஒரு பகல் முழுக்க உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். அந்தத் தெரு இப்போது இல்லை. சாட்சி சொல்ல ஆளும் இல்லை. கூப்பிடும்போது வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூப்பிடுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். கூப்பிடவில்லை. அதிலும் அவருக்குச் சந்தேகம்தான்.

உப்பளத்துப் பெண்கள் அந்த ஒரு மாதமும் குடம் சுமந்தார்கள். வழியில் கொம்பையாவைக் கண்டால், “என்ன அண்ணாச்சி, நடுரோட்டுல எறங்கி வேடிக்கை பாத்தீராமே?” என்று கேட்டார்கள்.

பிறகு இரண்டு காகிதம் வந்தது. கொம்பையாவுக்கு வந்ததைச் செல்லக்கனிதான் வாசித்தாள். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, இனி எக்காலத்திலும் வண்டி ஓட்டக்கூடாது. காரணம் என்று போட்டு ஏதோ விதி எண் மட்டும் இருந்தது. அவளுக்கு வந்ததில், தேர்வு மதிப்பெண் திருத்தப்பட்டது, பதினைந்து கூட்டப்பட்டது, தேர்ச்சி.

“இது எப்படி அண்ணாச்சி? குடத்துக்கு நின்னா கொறைப்பேன்னாங்க, இப்பக் கூட்டியிருக்காங்க!”

“ஆபீசுக்காரன் புத்தி. காரணமா கேப்ப?” என்றார் கொம்பையா.

ரெக்ஸ்லின் மட்டும் ஒருநாள் வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மெஷினில் இரண்டு பட்டியல் உண்டாம், பொருள் ஒன்று, ஆள் ஒன்று. பிளாஸ்டிக் குடத்தை எடுத்து ஆள் பட்டியலில், பள்ளிப் பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும் நடுவில் போட்டுவிட்டார்களாம். இருபத்தேழையும் தூக்கவில்லையாம்.

மறுநாள் காலை குட்டியானையைச் செல்லக்கனி ஓட்டினாள். கொம்பையா இடதுபக்கம் உட்கார்ந்தார். இத்தனை வருசத்தில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பின்னால் தொட்டியில் தண்ணீர் தளும்பியது. வரப்புப் பாதையில் உப்பு கண்ணைக் கூசியது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெதுவாகப் போனாள்.

களத்துமேட்டில் குடங்கள் வரிசையாக இருந்தன. பச்சை, நீலம், ஆரஞ்சு. ஒரு பெண்ணையும் காணோம். தூரத்தில் பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றது. பாம் பாம்.

“ஏன் நிப்பாட்டுன?” என்றார் கொம்பையா. “ஒருத்தரும் இல்லியே.”

“எனக்கென்ன தெரியும்? காலு நிக்குது.” செல்லக்கனி அலுத்துக்கொண்டாள். “எவன் காலோ, எந்தக் காலத்து நோவோ. பட்டையைக் கழட்டியும் போக மாட்டேங்குது.”

தூரத்தில் பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டு நடந்துவர ஆரம்பித்தார்கள்.

“வண்டியைத் திருப்பிப் பின்னால எடுக்கணுமே அண்ணாச்சி, குழாயி அந்தப் பக்கம்லா இருக்கு. கண்ணாடியில ஒண்ணும் தெரியல. வெறும் வெள்ளையா இருக்கு.”

“இரு.”

இறங்கினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு குடத்துக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தார். ஓரத்தில் கிடந்த ஒரு குடத்தை எடுத்து வரிசையில் அதன் இடத்தில் நிமிர்த்தி வைத்தார். மறுபடியும் ஒரு சுற்று வந்தார். பெண்கள் வந்துசேர்ந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்கள். “டிரைவரு கிளீனராயிட்டாருடீ” என்றாள் ஒருத்தி.

“எல்லாரும் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க” என்றார். வந்து நின்றார்கள். தலைகளை எண்ணினார். குடங்களை எண்ணினார். ஒத்துப்போயிற்று.

பிறகு வண்டியின் பின்பக்கம் போய், செல்லக்கனிக்குக் கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, இடுப்புத்துண்டை உருவி ஆட்டினார். அந்தச் சொல் உடனே வரவில்லை.

“ரைட்டு” என்றார். “வரலாம். ரைட்டு.”